தட்டினால் ‘டொக்’: ஓவனில் வைக்கும் ஸ்டோன்வேர் பாத்திரம் காட்டும் அறிகுறிகள்

போன மாம்பழ சீசனில் ஒரு சனிக்கிழமை காலை. கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு ஓவனுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. கதவைத் திறந்தால் பெங்களூரா மாம்பழக் கூழும் பாலும் முட்டையும் கலந்த புட்டிங் கீழ்க் கம்பியில் வழிந்து புகைந்துகொண்டிருந்தது. தட்டு நடுவில் பிளந்து கிடந்தது. முதல் நாள் இரவே கலவையை ஊற்றி ஃபிரிட்ஜில் வைத்து, காலையில் எடுத்து, 180 டிகிரிக்குச் சூடேறியிருந்த ஓவனுக்குள் நேராகத் தள்ளியது நான்தான். ஆனாலும் தட்டையும் விற்றவரையும் திட்டித் தீர்த்தேன்.

சாயங்காலம் உடைந்த துண்டுகளை வெயிலில் காட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. உடைந்த முகம் ஒரே நிறமாக இல்லை. கைப்பிடிப் பக்கம் சுமார் இரண்டு அங்குலத்துக்கு டீத்தூள் நிறம். மீதியெல்லாம் பச்சரிசி மாவு போல வெள்ளை. வெள்ளைப் பகுதி அன்று உடைந்தது. பழுப்புப் பகுதி பல மாதமாக எண்ணெயும் பாலும் குடித்துக் கிடந்த பழைய விரிசல். அந்தத் தட்டு முன்பே பாதி செத்துவிட்டது. அதில் வாரம் இரண்டு முறை சமைத்துக்கொண்டிருந்த எனக்கு அது தெரியவில்லை.

அப்புறம் வீட்டில் இருந்த மற்ற பாத்திரங்களையும், பாலக்கோட்டில் இருக்கும் நாத்தனார் வீட்டுப் பாத்திரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். தூக்கிப் போட எடுத்து வைத்ததில் பெரும்பாலும் வெறும் அழுக்குதான். அழகாக இருக்கிறதென்று பத்திரப்படுத்தியதில்தான் கோளாறு. ஆகவே கீழே சொல்வதில் கண்ணுக்குக் குறைந்த மரியாதையும், காதுக்கும் தராசுக்கும் கூடுதல் மரியாதையும் கொடுத்திருக்கிறேன்.

முதலில், கையில் இருப்பது ஸ்டோன்வேர்தானா?

பேரில் ஸ்டோன் இருக்கிறதே என்று இதைக் கல்சட்டியோடு சேர்த்துவிடக் கூடாது. கல்சட்டி, மாக்கல்லைக் குடைந்து செய்வது. ஸ்டோன்வேர் களிமண்தான். சூளையில் ஏறத்தாழ 1200 முதல் 1300 டிகிரி வரை சுட்டு, மண் கல்லாக இறுகிய நிலை. பாட்டி வீட்டில் உப்பு மாங்காய் போட்டு வைத்த பழுப்பு, வெள்ளை ஜாடி இந்த ஜாதிதான். குறைந்த சூட்டில் சுட்ட மண்பாண்டம் தண்ணீரை நன்றாகவே உறிஞ்சும். சரியாகச் சுட்ட ஸ்டோன்வேர் தன் எடையில் 3 சதவீதத்துக்கு மேல் உறிஞ்சக் கூடாது. அதன் மேல் உருக்கி ஏற்றிய கண்ணாடிப் படலத்தைத்தான் கிளேஸ் என்கிறார்கள். நான் மெருகு என்றே சொல்லிப் போகிறேன்.

நம் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் குவித்து வைத்து விற்கும் பீங்கான் சரக்கில் நிறைய உத்தரப் பிரதேசத்து குர்ஜாவிலிருந்து வருவதாகச் சொல்லித்தான் விற்கிறார்கள். புதுச்சேரிப் பக்கம் கையால் செய்யும் ஸ்டோன்வேரும் உண்டு. 1971இல் அங்கே தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி அதற்கு ஒரு பெரிய காரணம். ஊர் எதுவானாலும் சோதனை ஒன்றே.

எந்த அறிகுறிக்கும் முன்னால் மூன்று சோதனை

காது. பாத்திரம் காலியாக, உலர்ந்து, அறைச் சூட்டில் இருக்க வேண்டும். இடது கை விரல் நுனிகளில் அடியைத் தாங்கிக்கொண்டு, மரக்கரண்டியின் காம்பால் ஓரத்தில் லேசாகத் தட்டுங்கள். நல்ல பாத்திரம் ‘கணீர்’ என்று சொல்லி ஒரு நொடியாவது இழுக்கும். விரிசல் விட்டது ‘டொக்’ என்று உடனே அடங்கிவிடும். சில விரிசல் கரகரவென்று ஒரு உரசலும் சேர்த்துக் கொடுக்கும், காய்ந்த தேங்காய்க்குள் பருப்பு ஆடுவது போல. நான்கு பக்கமும் தட்ட வேண்டும். கைப்பிடி வைத்த, கனமான செவ்வகத் தட்டு வட்டக் கிண்ணம் அளவுக்கு நீளமாக ஒலிக்காது. அதனால் ஒரு தட்டை இன்னொரு தட்டோடு ஒப்பிடாதீர்கள். அதே தட்டின் போன மாதத்துச் சத்தத்தோடு ஒப்பிடுங்கள்.

என் அத்தைக்கு இதெல்லாம் ஒரு கண்டுபிடிப்பாகவே தெரியவில்லை. “பானை வாங்குறப்ப தட்டிப் பார்க்காம வாங்குவியா கண்ணு? இதுவும் மண்ணுதானே” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மஞ்சள். ஒரு கரண்டி மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து உள்பக்கம் முழுக்கத் தடவி, பத்து நிமிடம் கழித்துக் கழுவுங்கள். மெருகு முழுசாக இருந்தால் மஞ்சள் அப்படியே போய்விடும். விரிசல் இருக்கும் இடத்தில் மட்டும் மஞ்சள் கோடு நிற்கும். வெள்ளைத் தட்டில் இது கண்ணாடி போலக் காட்டிக்கொடுக்கும். கரும் நிறத் தட்டுக்கு மஞ்சளுக்குப் பதில் மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துத் தடவலாம். கறை நின்றுவிடுமோ என்று பயப்பட வேண்டாம். இரண்டு நாள் நல்ல வெயிலில் கவிழ்த்து வைத்தால் மஞ்சள் நிறம் வெளுத்துவிடும், புடவையில் பட்ட மஞ்சள் வெளுப்பது போலத்தான்.

தராசு. இதைத்தான் யாரும் செய்வதில்லை, எனக்கு அதிகம் பயன்பட்டதும் இதுதான். பாத்திரத்தை 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் காய வைத்து, கதவை மூடியபடியே ஆறவிட்டு, ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசில் நிறுங்கள். பிறகு 24 மணி நேரம் வாளித் தண்ணீரில் முழுசாக முக்கி வைத்து, துணியால் துடைத்து, மறுபடி நிறுங்கள். என் சிவப்பு நிறத் தட்டு 1,460 கிராம், ஊறிய பின் 1,472. 12 கிராம்தான் கூடியது, 0.8 சதவீதம். நாத்தனார் ஆசையாக வைத்திருந்த நீலப் பூப்போட்ட தட்டு 1,180இலிருந்து 1,262க்குப் போயிற்று. 82 கிராம், கிட்டத்தட்ட 7 சதவீதம். அரை டம்ளர் தண்ணீரைத் தட்டு குடித்துவிட்டு ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருந்தது! வெந்நீரில் கொதிக்கவிட்டு எடுத்தால் இன்னும் கூடத்தான் காட்டும்.

3 சதவீதத்துக்குள் என்றால் கவலையில்லை. 3க்கும் 5க்கும் நடுவில் என்றால் பிஸ்கட், வறுத்த கடலை மாதிரி உலர்ந்த பண்டத்துக்கு மட்டும். 5க்கு மேல் போனால் யார் என்ன பேர் வைத்து விற்றிருந்தாலும் அது ஸ்டோன்வேர் இல்லை, அல்லது சரியாகச் சுடப்படவில்லை.

சரி, இனி அறிகுறிகள்.

அறிகுறி: உள்ளே சாம்பல் நிறக் கோடுகள், பென்சிலால் கிறுக்கியது போல

நாத்தனார் வாட்ஸாப்பில் படம் அனுப்பிக் கேட்டது இதைத்தான். “அண்ணி, உள்ளே முழுக்க வெடிச்சிருக்கு, குப்பையில போட்டுடட்டுமா?” வெடிப்பு இல்லை. ஸ்டீல் கரண்டியும் கத்தியும் உரசிய இடத்தில் அந்த உலோகம் மெருகின் மேல் ஒட்டிக்கொண்ட தடம். மெருகு உலோகத்தைவிடக் கெட்டி. அதனால் கீறல் விழுவது கரண்டியில், தடம் நிற்பது தட்டில்.

கண்டுபிடிக்க வழி எளிது. கண்ணை மூடிக்கொண்டு நகத்தைக் கோட்டுக்குக் குறுக்கே இழுங்கள். நகம் எங்கும் தடுக்கவில்லையென்றால் அது தடம். தடுக்கினால் கீறலோ விரிசலோ. தடமென்றால் சமையல் சோடாவில் சில சொட்டுத் தண்ணீர் விட்டுக் கெட்டிப் பசையாக்கி, ஈரத் துணியால் ஐந்து நிமிடம் வட்டமாகத் தேயுங்கள். அதற்கும் போகாத கோட்டுக்குப் புளிக்கரைசல். புளியின் புளிப்பு இரும்புத் தடத்தைத் தளர்த்தும். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லையே. ஸ்டீல் நார் மட்டும் வேண்டாம், ஒரு கோட்டை எடுக்கப் போய் நூறு கோடு போட்டுவிடும்.

ஒரே மாதத்தில் மறுபடி மறுபடி கோடு விழுகிறதென்றால் மெருகின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கிறது என்று பொருள். பளபளப்பில்லாத மேட் பூச்சு என்று விற்கும் தட்டுகளில் இது அதிகம். பழுது என்று சொல்ல முடியாது. மரக்கரண்டிக்கு மாறுங்கள்.

அறிகுறி: வெள்ளைப் படலம், கழுவியும் போகவில்லை

மெருகு தேய்ந்துவிட்டதோ என்று பலருக்குப் பயம். முக்கால்வாசி நேரம் அது நம் ஊர்த் தண்ணீர். போர்த் தண்ணீரில் இருக்கும் கால்சியமும் மக்னீசியமும் காய்ந்து உப்பாகப் படிவது. இந்த இரண்டு மாவட்டத்துத் தண்ணீர் என்றாலே ஃபுளோரைடு நினைவுக்கு வருகிறது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்து 2013இல் தொடங்கிவைத்தார்கள். ஆனால் தட்டில் தெரியும் வெள்ளைக்கு ஃபுளோரைடு காரணமில்லை, தண்ணீரின் கடினத்தன்மைதான். சிட்ரிக் அமிலத்தூள் ஒரு கரண்டியை வெந்நீரில் கரைத்து அரை மணி நேரம் ஊற்றி வையுங்கள். கரைந்து பளபளப்பு திரும்பினால் உப்பு. வெள்ளை போய், அடியில் மங்கலான மேற்பரப்பு தெரிந்தால் அது வேறு கதை, கீழே வருகிறேன்.

அறிகுறி: பழுப்புக் கறை, மூலையில் பிசுபிசுப்பு

எண்ணெய் சூட்டில் இறுகி அரக்காகிவிட்டது. வெந்நீரில் மூன்று கரண்டி சமையல் சோடா போட்டு ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மரச்சட்டுவத்தால் சுரண்டுங்கள். இரண்டு முறை செய்தால் போகும். போகாவிட்டாலும் கெடுதல் ஒன்றுமில்லை, அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

அறிகுறி: மெருகில் மயிர்க்கோட்டு வலை, காய்ந்த ஏரி மண் போல

இதில்தான் நின்று பேச வேண்டியிருக்கிறது.

சூளையிலிருந்து இறங்கி ஆறும்போது மண்ணும் சுருங்குகிறது, மேலே இருக்கும் கண்ணாடியும் சுருங்குகிறது. கண்ணாடி மண்ணைவிட அதிகமாகச் சுருங்கினால், தையல் இறுகிய ரவிக்கை போலப் பிதுங்கிப் பிளக்கும். அந்தப் பிளவுகள்தான் வலை. சில பாத்திரங்களில் முதல் நாளே தெரியும். சிலவற்றில் மாதக்கணக்கில் கழித்து வரும். மண் கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் உறிஞ்சி நுண்ணிய அளவில் ஊதும்போது, மேலே இருக்கும் கண்ணாடியை இழுத்துப் பிளந்துவிடுகிறது. அதனால்தான் “வாங்கினப்போ நல்லாத்தான் இருந்தது” என்பது பொய்யில்லை.

வலை விழுந்த பாத்திரம் முதலில் பலம் இழக்கிறது. மெருகு மண்ணை லேசாக இறுக்கிப் பிடித்திருக்கும்போதுதான் பாத்திரத்துக்கு உறுதி. பிளந்த மெருகு பிடிப்பைக் கொடுக்காது. அடுத்தது சுத்தம். கோட்டின் வழியே எண்ணெயும் பாலும் மண்ணுக்குள் போகும், சோப்பு அங்கே போய்ச் சேராது.

சோதிக்க மூக்கு போதும். கழுவிக் காய்ந்த பாத்திரத்தைக் காலியாக 150 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துவிட்டுக் கதவைத் திறந்து முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை, பழைய எண்ணெய் வாடை வந்தால் உள்ளே ஊறிவிட்டது. இன்னொரு வழியும் உண்டு. தட்டில் தண்ணீர் நிரப்பி, கீழே தினசரித் தாள் விரித்து ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தாளில் ஈர வட்டம் இருந்தால் கசிவு.

நாத்தனாரின் நீலப் பூத்தட்டு மூன்று சோதனையிலும் தோற்றது. மஞ்சளைத் தடவியதும் மேலே பூவும் கீழே மீன்வலையுமாக ஒரு புதுக் கோலமே வந்தது. அதில்தான் அவர் குழந்தைகளுக்கு முட்டை கஸ்டர்டு செய்துகொண்டிருந்தார். தூக்கிப் போடச் சொன்னபோது முகம் வாடிவிட்டது. சாம்பல் கோடு போட்ட பழைய வெள்ளைத் தட்டைத் தேய்த்து, கணீரென்று தட்டிக் காட்டித் திருப்பிக் கொடுத்தேன். அதில் அவருக்கு அவ்வளவு மகிழ்ச்சியில்லை, பூ இல்லையே.

வேண்டுமென்றே அழகுக்காக வலை விழ வைக்கும் மெருகும் உண்டு. அதை அலமாரியில் வைத்துப் பார்க்கலாம், அதில் சமைக்க வேண்டாம்.

வலை இருக்கிறது, ஆனால் தராசு 3 சதவீதத்துக்குள் காட்டுகிறது, வாடையும் இல்லையென்றால் என்ன செய்வது? நான் அப்படி ஒன்று வைத்திருக்கிறேன். கேழ்வரகு பிஸ்கட்டுக்கு மட்டும், அதுவும் பட்டர் பேப்பர் விரித்து. பால், முட்டை, கறி எதுவும் அதில் ஏறாது.

அறிகுறி: ஓரத்தில் மூளி, அல்லது செதில் செதிலாக உதிர்வு

கீழே விழுந்தோ குழாயில் இடித்தோ ஒரு துண்டு போயிருந்தால் அது மூளி. உள்பக்கம் மூளியானால் பாத்திரம் சமையலை விட்டுவிட வேண்டியதுதான். வெளிப்பக்கம், அடிப்பக்கம் என்றால் காதுச் சோதனை செய்து, கணீரென்றால் வைத்துக்கொள்ளலாம். கூர் இருந்தால் கறுப்பு உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிடுங்கள். உலர்வாகத் தேய்த்தால் வரும் தூள் மூச்சுக்கு ஆகாது. ஒட்டுப் பசை போட்டு ஒட்டிய பாத்திரத்தை ஓவனில் வைக்கவே கூடாது.

யாரும் இடிக்காமலே ஓரம், கைப்பிடி விளிம்பு ஆகிய இடங்களில் மெருகு செதிலாகக் கழன்றால் அது வலைக்கு நேர் எதிர்க் கோளாறு. மண் அதிகம் சுருங்கி, கண்ணாடியை நெருக்கி, உரித்துத் தள்ளுகிறது. உதிர்வது கண்ணாடிச் சில்லு, சாப்பாட்டில் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு பஞ்சு உருண்டையை ஓரம் முழுக்க மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் அந்த இடத்தில் உதிர்வு தொடங்கிவிட்டது. இதற்கு மருந்தில்லை, சமரசமும் இல்லை. அன்றே வெளியே.

அறிகுறி: ஊசித்துளை, கொப்புளம், மெருகு விலகிய மொட்டைத் திட்டு

மூன்றும் சூளையிலேயே வந்த பிறவிக் குறைகள், பயன்படுத்திக் கெட்டவை அல்ல. அடியிலோ வெளியிலோ ஒன்றிரண்டு துளை இருந்தால் ஒன்றும் ஆகாது. உள்பக்கம் கொப்புளம் இருந்தால் என்றாவது உடைந்து சில்லாகும், வாங்கவே வாங்காதீர்கள். மொட்டைத் திட்டு உள்ளே இருந்தால் தராசுச் சோதனை முடிவு சொல்லும்.

அறிகுறி: ‘டப்’, ‘கிணிங்’ என்ற சத்தம், அல்லது ஒரு பக்கத்திலிருந்து ஓடும் ஒற்றைக் கோடு

வலைக் கோடு மெருகோடு நிற்கும். இந்தக் கோடு உள்ளேயும் தெரியும், அதே இடத்தில் வெளியேயும் தெரியும். பெரும்பாலும் ஓரத்திலிருந்தோ கைப்பிடி சேரும் இடத்திலிருந்தோ புறப்படும். என் தட்டில் புறப்பட்டது கைப்பிடியிலிருந்துதான். கனமான கைப்பிடியும் மெல்லிய சுவரும் வேறு வேறு வேகத்தில் சூடாகின்றன, அந்த இழுபறி சேரும் இடத்தில் விழுகிறது. கோடு இருந்து, தட்டினால் ‘டொக்’ என்றால் பேச்சே இல்லை. அடுத்த முறையோ பத்தாவது முறையோ பிளக்கும். கையில் கொதிக்கும் குழம்போடு பிளந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

காரணங்களில் முதலாவது, நான் செய்த தப்பு. குளிர்ந்த தட்டு, சூடான ஓவன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததைக் குறைந்தது ஒரு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். இல்லையென்றால் ஓவன் சூடேறும் முன்பே உள்ளே வைத்து, சேர்ந்து சூடேற விட வேண்டும். வெந்துகொண்டிருக்கும் தட்டில் பச்சைத் தண்ணீரையோ குளிர்ந்த பாலையோ ஊற்றுவதும் இதே தப்புதான், திசை மட்டும் வேறு.

இரண்டாவது, எங்கள் ஊருக்கே உரிய ஆபத்து: கிரானைட் மேடை. கறுப்புக் கிரானைட்டுக்குப் பேர்போன மாவட்டம், அந்தக் கல் பதிக்காத சமையலறையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். வழவழப்பான குளிர்ந்த கல்லின் மேல், அதுவும் துடைத்த ஈரம் காயாமல் இருக்கும்போது, 200 டிகிரித் தட்டை இறக்கினால் கல் அடிச்சூட்டை ஒரே இழுப்பாக இழுத்துக்கொள்ளும். மேல்பக்கம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். விரிசலின் விதை விழுவது பல வீடுகளில் ஓவனுக்குள் அல்ல, இந்த மேடையில்தான் என்பது என் எண்ணம். பரணில் கிடக்கும் பிரிமணையை இறக்கி மேடையில் போட்டேன். பானைக்குச் செய்தது, தட்டுக்கும் அளவாக இருக்கிறது.

மூன்றாவது, ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன். 25, 30 லிட்டர் பெட்டியில் சிவக்கும் கம்பிக்கும் தட்டுக்கும் இரண்டு விரற்கடை இடைவெளிகூட இருப்பதில்லை. கம்பிக்கு நேர் மேலே உள்ள பட்டை மட்டும் அதிகச் சூடாகும். நடு அடுக்குக்கு மாற்றுங்கள், ஸ்டோன்வேர் உள்ளே இருக்கும்போது கிரில் முறையைத் தொடாதீர்கள். கேஸ் அடுப்பில் நேரடியாக வைப்பது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

நான்காவது கொஞ்சம் விசித்திரமானது. கேக் சுடும்போது வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாத தட்டு, பீட்சாவுக்காக 240 டிகிரி வைத்த அன்று பிளக்கும். அதிகச் சூட்டில் சுட்ட சில மண் கலவைகளில் சிலிக்கா, கிரிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறியிருக்கும். அது 226 டிகிரியை ஒட்டித் திடீரென்று விரியும், ஆறும்போது அதே இடத்தில் திடீரென்று சுருங்கும். 180இல் நின்றுவிடும் வரை பாத்திரத்துக்கு இது தெரியாது. 240க்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் இரண்டு தடவை அந்த வாசலைக் கடக்கிறது. தயாரிப்பாளர் எழுதியிருக்கும் உச்ச வெப்பத்தை மதியுங்கள். எழுதவே இல்லையென்றால் 200 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது என் வழக்கம்.

அறிகுறி: மேடையில் வைத்தால் ஆடுகிறது, கேக் ஒரு பக்கம் உயர்கிறது

சூளையில் கோணிவிட்டது. கிரானைட் மேடையில் வைத்து ஒரு அஞ்சலட்டையை அடியில் நுழையுங்கள். ஒரு மூலையில் மட்டும் சுலபமாகப் போய்வந்தால் கோணல். பாதுகாப்புக்குக் கேடில்லை. சுட ஆரம்பித்துப் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைத்தால் போதும்.

அறிகுறி: மைக்ரோவேவில் சாப்பாட்டைவிடத் தட்டு சூடாகிறது

தட்டு தண்ணீர் குடித்திருக்கிறது, அலை அந்தத் தண்ணீரைச் சூடாக்குகிறது. புதிதாக இப்படி ஆரம்பித்தால் மெருகில் எங்கோ வழி திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசை எடுங்கள். தங்க நிறக் கோடு போட்ட தட்டென்றால் அது வேறு பிரச்சினை, மைக்ரோவேவுக்கே ஆகாது.

அறிகுறி: மெருகு மங்குகிறது, பூவின் நிறம் வெளிறுகிறது

எனக்குக் கவலை தரும் அறிகுறி இதுதான். புளிக்குழம்பு, தக்காளி, மாங்கூழ் எல்லாம் அமிலம். நன்றாக உருகி இறுகிய மெருகை இவை ஒன்றும் செய்யாது. சரியாக உருகாத மெருகிலிருந்து உலோகத்தைக் கரைத்து எடுக்கும். பழைய பளபளப்பான மெருகில் ஈயம் இருக்கலாம். பளிச்சிடும் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களில் காட்மியம் இருக்கலாம்.

வெள்ளை வினிகரைப் பாதி உயரத்துக்கு ஊற்றி, மூடி, 24 மணி நேரம் வையுங்கள். ஆய்வகத்திலும் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றி வைத்துத்தான் கரைந்து வரும் ஈயத்தை அளக்கிறார்கள். மறுநாள் கழுவிக் காயவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வினிகர் நின்ற மட்டத்தில் கோடு தெரிந்து, கீழே மங்கலாகவும் மேலே பளபளப்பாகவும் இருந்தால் அந்த மெருகு உணவுக்கு லாயக்கில்லை. இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. மாற்றம் தெரிந்தால் கெட்டது என்று நிச்சயமாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் ஈயம் இல்லை என்று சொல்ல முடியாது, அதை ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். குழந்தைகள் சாப்பிடும் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் வந்தால் வாதாடுவதில்லை, மாற்றிவிடுகிறேன்.

மெருகே இல்லாத பீட்சாக் கல்

இதற்கு மேலே சொன்ன விதிகள் தலைகீழ். கறுத்துப்போவது நல்லது, தோசைக்கல் பழகுவது போல. சோப்பு போட்டால் வாடையைக் குடித்துக்கொண்டு அடுத்த பீட்சாவில் திருப்பிக் கொடுக்கும். சுரண்டி, வெந்நீரில் அலசி, ஒரு நாள் முழுக்க உலர விடுங்கள். ஈரத்தோடு சூடான ஓவனில் வைத்தால் உள்ளே மாட்டிய தண்ணீர் ஆவியாகிக் கல்லைப் பிளந்துவிடும். மழைக்காலத்தில் வெயில் இல்லாத நாட்களில் 100 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுத்தான் நான் சூட்டை ஏற்றுகிறேன்.

புதிதாக வாங்கும்போது

மஞ்சளும் தராசும் கடையில் நடக்காது. மரக்கரண்டியும் பஞ்சும் கைப்பையில் அடங்கும். தட்டிப் பாருங்கள், ஓரத்தில் பஞ்சை இழுத்துப் பாருங்கள், தரையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். அடியில் மெருகு படாத வளையம் இருக்கும் அல்லவா, அதில் நாக்கு நுனியை வைத்துப் பாருங்கள் என்று அத்தை சொல்வார். நாக்கு ஒட்டி இழுத்தால் மண் ஈரம் குடிக்கிறது, ஒட்டாவிட்டால் நன்றாகச் சுட்டது. கடைக்காரர் முன்னால் அதைச் செய்ய எனக்கு இன்னும் கூச்சம். விரலை நனைத்து ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்துப் பார்க்கிறேன். சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் காசை எடுப்பேன். கண் முன்னாலேயே மறைந்தால், வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்துவிடுவேன்.

உடைந்த புட்டிங் தட்டின் பெரிய துண்டு இப்போது கறிவேப்பிலைத் தொட்டியின் அடித்துளைக்கு மூடியாகக் கிடக்கிறது. பழுப்புப் பக்கம் மேலே தெரியும்படிதான் வைத்திருந்தேன், அத்தை மண்ணைப் போட்டு மூடிவிட்டார்.